ஐந்தாவது தொழில்

ஞாயிறு மதியம் அண்ணன் அந்த இணைய விளையாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். தம்பியோடு சேர்ந்து ஆடியது. தம்பியை ஆறு கொண்டுபோய் ஒரு வருடம் ஆகிறது.

அதில் முதலில் பாத்திரத்தின் கதையை எழுத வேண்டும். பிறகு கதைக்கேற்ற தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'தம்பியைத் தேடிப் போகும் அண்ணன்' என்று எழுதினான். வீரன், வில்லாளி, வைத்தியன், மந்திரவாதி என்று வழக்கமான நான்கும் வந்தன.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் படித்துக் காட்டினான்.

"வீரனையே எடுத்துக்கோடா. அவனுக்காக ஆத்துல குதிச்சவன்தானே நீ? சொட்டச் சொட்ட வந்து நின்னியே, இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு."

வீரனை அழுத்தினான். 'கதைக்குப் பொருந்தவில்லை' என்று வந்தது. மற்ற மூன்றுக்கும் அதே பதில்தான்.

பட்டியலின் அடியில் ஐந்தாவதாக ஒன்று முளைத்தது. 'கரையில் நின்றவன்.' பக்கத்தில், பரிந்துரைத்தவர் என்ற இடத்தில், தம்பி விளையாட்டில் வைத்திருந்த பெயர். அதற்குக் கீழே: 'கையிருப்பு: சட்டை ஒன்று. நான் மூழ்கிய பிறகு நனைத்தது.'

அம்மா மடித்த துணியை வைத்துவிட்டு அருகில் வந்தாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"புதுசா என்னமோ வந்திருக்கே. சத்தமாப் படிடா."