மானுக்கு ஒதுக்கிய புல்

மாதேவியின் சிவப்பும் வெள்ளையுமான செம்மறைப் பசு ஈன்ற கன்று, சரிவில் உருண்டு, மானுக்கு ஒதுக்கிய புல்வெளிக்குள் போய்விட்டது. பசு எல்லையைத் தாண்டப் பார்த்தபோதெல்லாம் வனத்துறை மாட்டிய மின்கழுத்துப்பட்டை சுரீரென்று தாக்கித் திருப்பியது.

மாதேவி வனக்காவலரை போனில் அழைத்தாள். "நான் போய்த் தூக்கியாரட்டுங்களா?"

"நீ கால் வெச்சா உன்னோட முப்பது மாட்டுக்கும் மேய்ச்சல் போயிரும். காலையில ஆள் அனுப்பறேன்."

"அதுவரைக்கும் செந்நாய் விட்டு வெக்குங்களா? பட்டையக் கழட்டுனா?"

"அந்த ஒரு மாட்டுக்கு மட்டும் இனிமே மேய்ச்சல் இல்லம்மா."

மாதேவி பட்டையைக் கழற்றினாள். பசு ஓடிப்போய்க் கன்றை நக்கி எழுப்பி, மெல்லக் கூட்டி வந்தது.

இப்படிப் பட்டை கழற்றிய இரண்டு மாடுகள் ஏற்கெனவே வீட்டில் நின்றன. அவற்றுக்கு அடிவாரத்திலிருந்து தினமும் அவள்தான் புல் சுமக்கிறாள்.

"வா, உனக்கும் ஒரு கட்டு சுமக்கறேன்," என்று பசுவின் முதுகில் தட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தாள்.