பிலோமினாவின் கிளை

கணினி நிரலை ஆளுக்கொரு தனி நகலாக, கிளையாகப் பிரித்து எழுதியது போதும், இனி எல்லாரும் ஒரே பொதுத் தண்டில்தான் என்று குழு முடிவெடுத்தது. பழைய கிளைகளை மாலைக்குள் தண்டோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அழித்துவிட வேண்டும். மாசிலாமணிக்குக் கை வரவில்லை. பக்கத்து இருக்கை தினகர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, என்றோ வேலையை விட்டுப் போன பிலோமினாவின் கிளையை அவர் தினமும் திறப்பார். இப்போது தினகர் உட்காரும் தன் பழைய நாற்காலியில் அவள் முறுக்கு கடித்தபடி உட்கார்ந்திருப்பாள். அவளோடு நாலு வார்த்தை பேசினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

"என்ன சார், அழிக்க மனசு வரலியா?" என்று சிரித்தான் தினகர்.

"சேத்துடறேன்பா" என்று பொத்தானை அழுத்தினார்.

திரை கேட்டது: 'ஒரே நாற்காலியில் இருவர் இருக்கிறார்கள். யாரை வைத்துக்கொள்வது?'

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சார், ஏன் என்னையே பாக்கறீங்க?" என்றான் தினகர்.