சுபேதாருக்கு விழுந்த திட்டு

‘தூர தேசம் போனவன் காதுல...’ என்று அப்பா ஏதோ சொல்வார். தேன் ஊத்தணும் என்றா, ஈயம் ஊத்தக்கூடாது என்றா, ஆரோக்கியதாஸுக்குச் சரியாக நினைவில்லை. எதுவானாலும் தம்பி பொண்டாட்டி ஊற்றுவது ஈயம்தான்.

மொட்டை மாடியில் நின்றால்தான் டவர் கிடைக்கும். ஜெஸியின் குரல் கச்சிராயபாளையம் கடைத்தெரு வரைக்கும் கேட்டது.

“யோவ் சுபேதாரு! வூட்டு மோட்டாருக்கு ஒரு வயரு மாட்டத் தெரியாது, நீ ஆப்பிரிக்காகாரன் பட்டாளத்துக்கு யோசன சொல்லப் போயிட்டியா? கரும்புத் தோட்டத்துல பன்னி பூந்தா என் பின்னாடி ஒளியற ஆளு, நீயாய்யா சண்ட கத்துக் குடுக்கற?”

நம் ராணுவத்தில் சுபேதாரான தம்பி ஆல்பின் அங்கே ராணுவ ஆலோசகர். போய் ரொம்ப நாளாகிறது. திரும்பும் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள்.

டீக்கடை செல்லமுத்து சிரித்தார். “இன்னா தாஸு, எதிரி சுடறதுக்கு முன்னாடி உன் தம்பிய வூட்லயே சுட்டுடுவாங்க போலக்குதே!”

ஆரோக்கியதாஸுக்கு உடம்பே கூசியது. அவரும்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தம்பியோடு பேசுகிறார். ‘அம்மா உன் போட்டோவையே பாத்துக்கினு கெடக்குதுடா, எப்படா வருவே’ என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிடும். பாசம் என்றால் அது.

விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்து மாடியேறினார். ஜெஸி கையிலிருந்த போனைப் பிடுங்கி இணைப்பைத் துண்டித்தார்.

“இன்னாம்மா இது? புருசன் உசிரக் கையில புடிச்சிக்கினு அந்நிய நாட்ல இருக்கறான். தெனம் இப்படித் தெருவே கேக்கத் திட்டுவியா?”

“திட்டுவேன் மாமா.”

“ஊரே சிரிக்குது!”

“சிரிக்கட்டும்.”

“இனிமே ஒரு வார்த்த கேட்டுச்சு, மணலூர்பேட்டைல உங்கம்மா வூட்ல கொண்டுபோய் வுட்டுடுவேன்.”

“வுடுங்க. அங்கயும் டவர் கீது. அங்கேருந்தும் திட்டுவேன்.” நிமிர்ந்துதான் சொன்னாள். சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

போன் அடித்தது. வீடியோ கால். எடுத்தார்.

ஆல்பின் முகத்துக்குப் பின்னால் சீருடையில் ஒரு கூட்டமே தரையில் உட்கார்ந்திருந்தது. அந்த ஊர்ப் பையன்கள், நடுவே நம் ஆட்கள் சிலர். எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணா, நீயா? ஜெஸி எங்க? பாதியில கட்டாயிடுச்சி. பசங்க காத்துக்கினு இருக்காங்க.”

“எதுக்குடா?”

ஆல்பின் எழுந்து தனியே வந்தான். குரலைத் தணித்தான்.

“வூட்ல சொல்லாதண்ணா, அம்மா தாங்காது. இங்க எல்லாரும் ஒடிஞ்சி போயிருந்தாங்க. ஒரு பையனுக்கு ஊர்லேருந்து அழுது போன் வந்துச்சி. அன்னிக்கே துப்பாக்கியத் தன் பக்கம் திருப்பிக்கினான். நல்லவேள, புடுங்கிட்டோம். இவங்க மனசு ஒடியாம பாத்துக்கறதும் என் வேலதான? அதான் ஜெஸிகிட்ட கேட்டேன், தெனம் என்னைத் திட்டு, ஸ்பீக்கர்ல போடறேன்னு.”

“திட்டச் சொன்னியா!”

“வாத்தியாரே வாங்கிக் கட்டிக்கறதப் பாத்து வுழுந்து வுழுந்து சிரிக்கறாங்கண்ணா. பாஷ புரியாது. ஆனா பொண்டாட்டி திட்டறது எல்லா ஊர்க்காரனுக்கும் புரியுது. அப்புறம்தான் சோறே எறங்குது. ஊரு உன்னைத்தான் தப்பா பேசும்டின்னு சொன்னேன். பேசட்டும்னுட்டா.”

ஆரோக்கியதாஸ் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். “நான் வாராவாரம் பேசறேனே... அதயும் அவங்களுக்குப் போட்டுக் காட்டுவியா?”

ஆல்பின் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“அத மட்டும் போடறதில்லண்ணா. அன்னிக்கு நான் தனியா போய் உக்காந்துக்குவேன்.”

அதற்குள் அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. ஏதோ ஒரு பாஷையில் சேர்ந்து கூப்பிட்டார்கள்.

“கூப்பிடறாங்கண்ணா. அவகிட்ட குடு.”

ஜெஸி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, முடியாது என்று கையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும்.

தெருவில் செல்லமுத்துவோடு இன்னும் நாலு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆரோக்கியதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று, தெருவே கேட்கும்படி தம்பியைத் திட்ட ஆரம்பித்தார்.