ஒரு மில்லிமீட்டர்

முதல் குத்து மூக்கில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் அமல்ராஜுக்கு இனித்தது.

இரண்டாவது குத்து வாயில். பல் ஒன்று அவருடைய விரல் முட்டியைக் கிழித்தது. அப்போதும் விடவில்லை. வெள்ளைச் சட்டையின் காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றினார்.

மேஜை கவிழ்ந்தது. ஆல்பங்கள் விரிந்து விழுந்தன. கட்கி வட்டார நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஒரு காசு தவறி விழுந்தாலே பதறுகிறவர்கள். இன்று காலடியில் நூறு காசு உருண்டும் ஒருவரும் குனியவில்லை.

அறுபத்திரண்டு வயது மனுஷனுக்கு இவ்வளவு ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு மனுவிலிருந்து வந்தது.

அன்றாடம் புழங்கும் காசை எப்படிச் சீர்திருத்தலாம் என்று சங்கம் அரசாங்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு ஆசை. ஐம்பது பைசாவை ஒழித்துக்கட்டு என்றார் ஒருவர். பத்து ரூபாய்க் காசை வாங்க மறுக்கும் கடைக்காரனுக்கு அபராதம் போடு என்றார் இன்னொருவர். புறநகர் வாகட்டிலிருந்து காரில் வரும் ஐடிக்காரன் கேஷவுக்கு வேறு கவலை. நினைவு நாணயங்கள் நிறைய வர வேண்டும், பளபளவென்று இருக்க வேண்டும், பிரிக்காத உறையில் கிடைக்க வேண்டும். அவன் காசைக் கடையில் கொடுத்தே பல வருடமாகிறது. எல்லாவற்றுக்கும் போன்தான்.

அமல்ராஜ் கேட்டது ஒரே ஒரு வரி. எந்தக் காசும் கையில் எடுத்ததுமே இன்னதென்று தெரிய வேண்டும். விளிம்பு வேறாக, கனம் வேறாக. புதிதாக வந்த இரண்டு ரூபாய்க்கும் முந்தைய ஒரு ரூபாய்க்கும் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், இது என்ன அநியாயம் என்றார்.

சங்கத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் தோட்டா அளந்த கை. எதைக் கொடுத்தாலும் லென்ஸைத் தொடமாட்டார். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டி, உள்ளங்கையில் எடை பார்த்து, அசலா போலியா என்று சொல்லிவிடுவார். வேலையும் முடிந்து மனைவியும் போன பிறகு, அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த மதிப்பீட்டாளர் நாற்காலி ஒன்றுதான்.

நாற்காலியைத் தவிர இன்னொன்று உண்டென்றால் அது சங்கரன். ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். வாராவாரம் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வருவார். மாடிப்படி ஏறும்போது அமல்ராஜின் கை சங்கரனின் இடது தோளில் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள்.

கேஷவ் அந்த வரியைப் பேனாவால் அடித்தான்.

"அரே அங்கிள், காசைத் தடவிப் பாத்து எண்ணறவங்க எத்தனை பேர் இருக்காங்க? அவங்களுக்காக கவர்மென்ட் டிசைனை மாத்துமா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த இரண்டு காசுகளையும் அமல்ராஜின் உள்ளங்கையில் வைத்து, எது ஒன்று, எது இரண்டு என்று கேட்டான்.

அமல்ராஜ் விளிம்பைத் தடவினார். மறுபடியும் தடவினார். கூடம் காத்திருந்தது. கடைசியில் ஒன்றைத் தூக்கி, இது இரண்டு என்றார்.

கேஷவ் சிரித்தான். கூடமும் சேர்ந்து சிரித்தது.

சிரிப்பு வந்த பக்கம் பாய்ந்தவர்தான்.

இப்போது முழங்காலுக்கடியில் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மனுவின் மேல் கனத்துக்கு வைத்திருந்த பீரங்கிக் குண்டின் பித்தளை உறை கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்து ஓங்கி இறக்கினார். தோளில் விழுந்தது. உள்ளே ஏதோ விண்டது.

கீழே கிடந்தவன் முனகினான். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அமல்ராஜை இன்னும் வெறியேற்றியது. இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசினாயே, ஒரு தரம் கெஞ்சு, விட்டுவிடுகிறேன். கெஞ்சமாட்டாயா. இரண்டு கையாலும் உறையைத் தலைக்கு நேராக ஓங்கினார்.

"அங்கிள், சங்கரன் அங்கிளை எதுக்கு அடிக்கறீங்க?"

கேஷவின் குரல். முதுகுக்குப் பின்னால், வாசற்படியிலிருந்து வந்தது.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

கண் மங்கிப்போய், ஒன்றரை வருடமாக அமல்ராஜுக்கு ஆள் தெரியும், முகம் தெரியாது. வெள்ளைச் சட்டை தெரியும், போட்டிருப்பது யார் என்று தெரியாது. இந்த உலகத்தில் அந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள், இன்று கேஷவைப் போலவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில் புகுந்து தடுக்க வந்த சங்கரன்.

நான்தான் என்று அவர் வாயைத் திறந்திருந்தால் முதல் குத்தோடு முடிந்திருக்கும். திறந்திருந்தால் கூடம் முழுக்கத் தெரிந்தும் போயிருக்கும்.

உறை கீழே விழுந்தது. அமல்ராஜின் கட்டைவிரல் கீழே இருந்த முகத்தைத் தேடிப் போனது. நெற்றியைத் தடவியது. புருவத்தைத் தடவியது. மூக்கு இருந்த இடத்தில் நின்றுவிட்டது.

சங்கரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ரத்தத்தைத் துப்பிவிட்டு, கூடத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இது எங்க ரெண்டு பேருக்குள்ள பழைய தகராறு. நீங்க யாரும் குறுக்க வராதீங்க."

சுவரைப் பிடித்து எழுந்தார். இடது கை தொங்கியது. அமல்ராஜின் கையை எடுத்து, அன்றைக்கு மட்டும் வலது தோளில் வைத்துக்கொண்டு, படிகளில் மெதுவாக இறங்கினார்.