பதினெட்டாம் தேதி சிவப்பு

"ஜூலை பதினெட்டு என்ன பண்டிகை? சொல்லுங்க, நானும் கொண்டாடறேன்!"

அச்சக முதலாளி அடுத்த வருடக் காலண்டரை மேஜைமேல் வீசினார். ஜூலைத் தாள் விரிந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர பதினெட்டு மட்டும் சிவப்பாக இருந்தது.

எதிரே நின்றவர் புரூப் பார்ப்பவர். இருபத்திரண்டு வருடமாக ஒரு எழுத்துப் பிழைகூட அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. அதனால் அச்சகத்தில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்றே பெயர். வருடத்துப் பண்டிகைகள் அத்தனையும் அவருக்கு விரல் நுனியில். அறுவடைப் பண்டிகை என்ன கிழமை, விளக்குப் பண்டிகை எப்போது வருகிறது என்று தெருக்காரர்கள்கூட அவரைத்தான் கேட்பார்கள். காலண்டரில் எந்தத் தேதிக்குச் சிவப்பு என்று குறித்துக் கொடுப்பதும் அவர்தான்.

"எட்டாயிரம் காலண்டர் வெளியே போயாச்சு. காலையிலேருந்து போன் ஓயல. ஜவுளிக்கடைக்காரர் அன்னிக்குத் தள்ளுபடி போடணுமாம், என்ன பண்டிகைன்னு கேக்கறார். நான் என்னத்தைச் சொல்ல?"

பூதக்கண்ணாடி அந்தச் சிவப்புப் பதினெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பிரஸ்ல சிவப்புத் தேதிக்குத்தான் லீவு. எங்கப்பா காலத்துச் சட்டம். நீங்க பாட்டுக்குச் சிவப்பு போட்டு வெச்சா, அன்னிக்கு ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான்."

"ஆமாங்க முதலாளி. வரவேண்டியதில்லை."

அந்த நிதானம் முதலாளிக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. கதவோரம் நின்ற மேனேஜரம்மா அவசரமாகக் குறுக்கே புகுந்தாள்.

"கம்ப்யூட்டர்ல ஏதாவது மாறியிருக்கும் சார்."

"இல்லைம்மா, நான்தான் போட்டேன். மூணு புரூப்லயும் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு."

முதலாளி ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டார்.

"இங்க பாருங்க. வீட்டுல துக்கம் நடந்து நாலு மாசம்தான் ஆகுது. மனசு ஒரு நிலையில இருந்திருக்காது. கை தவறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். மேல ஒட்டுத்தாள் ஒட்டிச் சமாளிச்சுக்கலாம். நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வாங்க. இல்லேன்னா இன்னியோட சரி."

ஒரு வார்த்தை சொன்னால் வேலை பிழைத்துவிடும். இந்த வயதில் வேறெந்த அச்சகமும் அவரைச் சேர்க்காது. வீட்டில் மனைவி நான்கு மாதமாகச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், அவர்தான் சோறு வடித்து ஊட்டிவிட்டு வருகிறார். 'சொல்லிடுங்களேன்' என்று மேனேஜரம்மா கண்ணாலேயே கெஞ்சினாள்.

"தப்பு இல்லைங்க முதலாளி. தப்புன்னா நானே திருத்தியிருப்பேன்."

"அப்ப அது என்ன பண்டிகைன்னு சொல்லித் தொலைங்களேன்!"

பூதக்கண்ணாடி சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வரேங்க."

படியிறங்கும்போது அவர் இரண்டு இடங்களில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டதை மெஷின்காரர்கள் பார்த்தார்கள்.

"என்ன திமிரு பார்த்தீங்களா? அவர் பைலைக் கொண்டாங்க, இப்பவே எழுதி முடிச்சுடறேன்" என்றார் முதலாளி.

மேனேஜரம்மா பைலைக் கொண்டுவந்து வைத்தாள். முதலாளியின் முகத்தைப் பார்க்காமலே வெளியே போய்விட்டாள்.

முதலாளி பேனாவைத் திறந்துகொண்டே பைலைப் பிரித்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விடுப்புக் கடிதம் இருந்தது. முத்து முத்தான கையெழுத்து. தேதி, இந்த வருடம் ஜூலை பதினேழு.

'நாளை என் மகளுக்கு இருதய ஆபரேஷன். மயக்க ஊசி போடும்வரை அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அழுகிறாள். ஒரு நாள் மட்டும் விடுப்பு தரும்படி வேண்டுகிறேன்.'

துக்கம் கேட்கப் போனபோது யாரோ சொன்னது முதலாளிக்கு நினைவு வந்தது. ஆபரேஷனுக்கு உள்ளே போன பெண் கண் விழிக்கவேயில்லை, மயக்க ஊசி போடும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

கடிதத்தின் அடியில், எழுதியதாக ஞாபகமே இல்லாத ஒரு வரி, முதலாளியின் சொந்தக் கையெழுத்தில் இருந்தது:

'காலண்டரைப் பார்க்கவும். அன்று எந்தப் பண்டிகையும் இல்லை.'