ஈரம் பார்க்க வந்தவள்

அறிவுமதி நெற்குவியலுக்குள் ஈரம் காட்டும் கருவியைச் செருகினாள். இளையபெருமாளும் அவர் மனைவி அம்சமும் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போன அறுவடையில் ஈரம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல், மழையில் முளைத்தே போனது.

"பதினாலு சதவீதம். இது ஆகாதுங்கய்யா."

"பதினேழு வரைக்கும் எடுப்பாங்களேம்மா!" இளையபெருமாள் பதறினார். "ராப்பகலா ரோட்டுல காய வச்சோம்."

"ஏன் காய வச்சீங்க?"

"ஈரம் பாக்க வர்றாங்கன்னு சொன்னா, காய வைக்காம கும்பிடுவாங்களா?" அம்சம் சீறினாள்.

"நான் கொள்முதலுக்கு வரலம்மா, யுனிவர்சிட்டியிலேர்ந்து வர்றேன். ஈர நெல்லைக் காய வைக்கிற சோலார் மெஷின் செஞ்சிருக்கோம். இங்க சோதனை சரியா வந்தா ஊருக்கே விட்டுட்டுப் போவோம். ஈர நெல் இல்லேன்னா, அடுத்த ஊருக்குக் கொண்டுபோயிடுவோம்."

அம்சம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினாள்.