நேரலையில் மழை

ஆடி முடிந்தும் ஒரு தூறல் இல்லை. அதனால் நைனார்பாளையத்தில் கொடும்பாவி இழுத்தோம். வைக்கோலால் செய்த பொம்மைப் பிணம் அது. அதைத் தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து அழுதால் வானம் இரங்கும் என்பது எங்கள் வழக்கம். நான் செல்லைத் தூக்கிப் பிடித்து நேரலை போட்டேன்.

கமெண்ட்டுகள் குவிந்தன. "செம மழை!" "எங்க ஊருக்கும் கொஞ்சம் அனுப்புங்க!" இதயங்கள் பறந்தன.

எனக்கு எரிச்சலாக வந்தது. இங்கே வெயிலில் உள்ளங்கால் வேகிறது, இவர்களுக்குக் கிண்டல். திரையைப் பார்த்தேன். அதில் எங்கள் தெருவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, ஓடியாங்க!"

தங்கமணி அண்ணி ஒப்பாரியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். "ஏய், நனைஞ்சிகினு ஆடறது நான்தான்டி!"

தெருவே என்னைச் சூழ்ந்துகொண்டது. ஒரே விசில். திரையில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, கைதட்டினோம். முழங்காலுக்கு வந்தது, இன்னும் பலமாகத் தட்டினோம்.

இடுப்பைத் தாண்டியபோது அண்ணி கேட்டார், "நாமெல்லாம் எங்கடி போயிட்டோம்?"

திரையில் யாரும் இல்லை. கொடும்பாவி மட்டும் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது. அதன் மேல் இதயங்கள் பறந்துகொண்டே இருந்தன.